அரை மணி நேரம் கழித்துப் பேசலாம்

ஒரு சண்டையை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறது. மே மாதக் கடைசி. இரவு 9 மணிக்கு மனைவியின் கைப்பேசியில் வங்கியின் குறுஞ்செய்தி: கணக்கிலிருந்து 50,000 ரூபாய் போயிருக்கிறது. கேட்டால், ஊரிலிருக்கும் தம்பிக்கு அனுப்பியதாகக் கணவர் சொல்கிறார். ஜூன் முதல் வாரத்தில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாக வேண்டும்.

"உங்களுக்கு எப்பவுமே உங்க வீட்டு ஆளுங்கதான் முக்கியம். நானும் புள்ளையும் யாரு?"

"ஆரம்பிச்சிட்டியா? என் தம்பிக்கு நான் கொடுக்கக் கூடாதா? நான் சம்பாதிக்கிற காசு."

"அப்ப நான் சம்பாதிக்கிறது?"

"உங்க அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில கட்டினப்ப நான் கணக்குக் கேட்டேனா?"

"எங்க அப்பாவை இதுல இழுக்காதீங்க!"

ஐந்தே பேச்சுதான். அதற்குள் 50,000 ரூபாய் காணாமல் போய்விட்டது. இப்போது நடப்பது தம்பியைப் பற்றிய சண்டை, மாமனாரைப் பற்றிய சண்டை, யார் காசு யாருடையது என்ற சண்டை. கதவு அறைந்து சாத்தப்படுகிறது. நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் சிலிண்டர் தீர்ந்துபோனதால் பேச வேண்டி வருகிறது. அப்படியே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. அந்தப் பணத்தைப் பற்றி மட்டும் அவர்கள் பேசவே இல்லை. அடுத்த வருடம் வேறு ஏதோ சண்டையில், "அன்னிக்கு உங்க தம்பிக்கு" என்று அது மறுபடி எழுந்து வரும்.

யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இருவரிடமும் நியாயம் இருக்கிறது. மனைவிக்குக் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்ற பயம். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற வலி. கணவருக்குக் கூடப்பிறந்தவன் அழுதுகொண்டு கேட்கும்போது மறுக்க முடியாத நெருக்கடி. வீட்டில் சொன்னால் வேண்டாம் என்பார்களோ என்ற தயக்கம். இந்த நான்கில் ஒன்றைக்கூட இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுதான் இந்தச் சண்டையின் நஷ்டம்.

இத்தகைய இடத்தில் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, "இனிமையாகப் பேசுங்கள்" என்பது. அறிவுரை சரிதான். ஆனால் குறுஞ்செய்தியைப் பார்த்த அந்த நிமிடத்தில் அதைச் செய்ய யாராலும் முடியாது. கோபம் தலைக்கேறியவருக்கு நல்ல சொல் கிடைக்காமல் போவதற்கு அவர் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. உடம்பு அந்த நிலையில் இருக்கிறது. ஆகவே எப்படிப் பேசுவது என்பதற்கு முன்னால், எப்போது பேசுவது என்பதைப் பார்த்துவிடுவோம்.

உடம்பு என்ன செய்கிறது

கோபம் வரும்போது அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகிய சுரப்புகள் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. தாடையும் தோளும் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது. ஆபத்தை எதிர்க்கவோ அதிலிருந்து ஓடவோ உடம்பு தயாராகிவிட்டது. அந்த நிலையில் எதிரே நிற்பவர் சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது. திருப்பி அடிக்க உதவும் பழைய ஞாபகங்கள் மட்டும் வரிசையாக வரும். மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவு அந்த நேரத்தில் எங்கிருந்து வந்தது என்று கணவரையே கேட்டால் அவருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் 1986-ல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அவருடன் சேர்ந்து வேலை செய்தவர் ராபர்ட் லெவன்சன். தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, தங்களுக்குள் தீராமல் இருக்கும் ஒரு பிரச்சினையைப் பேசச் சொன்னார்கள். பேச்சைப் படம் பிடித்ததோடு, பேசுகிறவர்களின் இதயத் துடிப்பையும் வியர்வையையும் கருவிகளால் அளந்தார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிய பிறகு, என்னதான் முயன்றாலும் எதிராளி சொல்வதை வாங்கிக்கொள்வது மிகவும் கடினம் என்பது காட்மன் கண்ட முடிவு.

அதே ஆய்வுக்கூடத்தில் இன்னொன்றும் செய்தார்கள். பேச்சு சூடேறிக்கொண்டிருக்கும்போது, கருவியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லி நிறுத்தினார்கள். அரை மணி நேரம் அந்தப் பிரச்சினையைப் பற்றிப் பேசாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருங்கள் என்றார்கள். திரும்பப் பேசத் தொடங்கியபோது துடிப்பு நன்றாக இறங்கியிருந்தது. அதே தம்பதி, அதே பிரச்சினை. பேச்சு மட்டும் வேறு தினுசாகப் போயிற்று. யாரும் அவர்களுக்குப் பொறுமையைப் போதிக்கவில்லை. உட்கார்ந்து பத்திரிகை புரட்டினார்கள், அவ்வளவுதான்.

ரத்தத்தில் கலந்தது வடிவதற்குக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். "பத்து வரை எண்ணு" என்று பெரியவர்கள் சொல்வது வாயை மூடிக்கொள்ள உதவும். உடம்பு தணிய அது போதாது.

உங்கள் துடிப்பை நீங்களே பார்க்கலாம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து 15 விநாடி எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். 15 விநாடியில் 25-ஐத் தாண்டினால் பேச்சை அங்கே நிறுத்திவிடுவது நல்லது. சண்டைக்கு நடுவில் யார் நாடி பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றினால், உங்கள் உடம்பு தரும் முதல் அறிகுறியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் காது சூடாகும். சிலருக்குக் குரல் உயரும், சிலருக்கு நேர்மாறாகக் குரல் தாழ்ந்து பல்லைக் கடித்துப் பேச்சு வரும். கை நடுங்குகிறவர்கள் உண்டு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வீட்டில் இருப்பவர்களைக் கேட்பது. "எனக்குக் கோபம் வரப்போகுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு நல்ல நாளில் கேளுங்கள். உங்கள் பத்து வயது பிள்ளை சரியாகச் சொல்லும்.

கொட்டித் தீர்த்தால் ஆறுமா?

கோபத்தை உள்ளே வைத்திருந்தால் குக்கர் மாதிரி வெடித்துவிடும், அவ்வப்போது ஆவியை வெளியே விட்டுவிட வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். பாத்திரத்தை நங்கென்று வைப்பது, கதவை அறைவது, ஒரு பாட்டம் கத்தித் தீர்ப்பது எல்லாம் இந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன. இது தவறான நம்பிக்கை. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பொய்யாக்கியிருக்கின்றன.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிராட் புஷ்மன் 600 மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. மாணவர்கள் எழுதிய கட்டுரையை ஒருவர் கடுமையாகத் திட்டியதாகக் காட்டி அவர்களுக்குக் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினர் திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டு குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திட்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது. பழிவாங்கும் வாய்ப்புக் கொடுத்தபோது அதிகக் கடுமை காட்டியவர்களும் அவர்களே. சும்மா இருந்தவர்களிடம் மூர்க்கம் எல்லோரையும்விடக் குறைவாக இருந்தது. 2024-ல் புஷ்மனும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 10,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஆய்வுகள் அவை. மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா, தசைகளைத் தளர்த்தும் பயிற்சி என உடம்பைத் தணிக்கும் செயல்கள் கோபத்தைக் குறைத்தன. ஓடுவது கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்தது.

கத்துவதற்கு உடம்பு கொடுக்கும் விலையும் உண்டு. மாரடைப்பு வந்து பிழைத்த 1,623 பேரிடம் மர்ரே மிட்டில்மனும் குழுவினரும் நடத்திய ஆய்வு 1995-ல் வெளியானது. கோபம் வெடித்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு 2 மடங்குக்கு மேல் கூடியிருந்ததாக அது காட்டியது. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தில் காட்டாமல் இருந்துவிடலாமா? அதுவும் உதவாது. ஜேம்ஸ் கிராஸும் சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இருவர் பேசிக்கொள்ளும்போது ஒருவரை மட்டும் உணர்ச்சியைக் காட்டாமல் அடக்கச் சொன்னார்கள். எதிரே இருந்தவருக்கு அது தெரியாது. ஆனால் அவருடைய ரத்த அழுத்தம் ஏறியது. நம் வீடுகளில் "நான் ஒண்ணும் சொல்லலியே, எனக்கு என்ன கோபம்?" என்று இறுகிய முகத்தோடு ஒருவர் நடமாடும்போது மற்றவர்களுக்கு மூச்சு முட்டுவதை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம்.

ஆக, கத்துவதும் வேண்டாம், விழுங்குவதும் வேண்டாம். தணிந்த பிறகு சொல்ல வேண்டும்.

"எனக்குக் கட்டுப்படுத்த வராது"

கோபக்காரர்கள் பலரும் இதைச் சொல்வார்கள். கூடவே, கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று யாராவது ஒத்து ஊதுவார்கள். இந்தப் பழமொழி நம் குடும்பங்களுக்குச் செய்திருக்கும் கெடுதல் கொஞ்சமல்ல. நல்ல குணத்தோடு கோபம் சேர்ந்திருக்கலாம். அதற்காகக் கோபத்தை நல்ல குணத்துக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

இவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அலுவலகத்தில் மேலாளர் எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டியபோது என்ன செய்தீர்கள்? சட்டையைப் பிடித்தீர்களா, கோப்பை விட்டெறிந்தீர்களா? இல்லை. போக்குவரத்துக் காவலர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னபோதும் குரல் தானாகத் தணிந்தது. வீட்டில் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்து, சம்பந்தி வந்து நின்றால், "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க?" என்று முகம் அரை நொடியில் மாறிவிடுகிறது. கட்டுப்படுத்தத் தெரிகிறது. எங்கே கட்டுப்படுத்தாவிட்டாலும் சேதம் நமக்கில்லை என்று நினைக்கிறோமோ, அங்கே கட்டுப்படுத்துவதில்லை. சேதம் அங்கேதான் அதிகம் என்பதை உணர்ந்தவர்களுக்கு அடுத்து வரும் பகுதி உதவும்.

ஒத்திவைப்பது எப்படி

இதைச் சண்டை இல்லாத நாளில் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சண்டைக்கு நடுவில் திடீரென்று "அப்புறம் பேசலாம்" என்று ஒருவர் எழுந்துபோனால், மற்றவருக்கு அது அவமதிப்பாகத்தான் தெரியும். அறைவரை துரத்திக்கொண்டு போவார்.

முடிவு செய்ய வேண்டியவை இவை. எந்தச் சொல்லைச் சொன்னால் இருவரும் நிறுத்துவது? "அரை மணி நேரம்" என்பதே போதும். சில வீடுகளில் கையைக் காட்டுகிறார்கள். யார் சொன்னாலும் மற்றவர் நிறுத்த வேண்டும், கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்துகிறேன் என்பது கிடையாது. எப்போது திரும்பப் பேசுவது என்று நேரம் சொல்ல வேண்டும். இடைவெளி கேட்டவர்தான் திரும்பி வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி விதி மிக முக்கியம். இதைக் காப்பாற்றாவிட்டால் மற்ற எல்லாம் வீண். இரண்டு முறை நேரம் சொல்லிவிட்டு வராமல் இருந்தால், மூன்றாம் முறை உங்களை யாரும் போக விடமாட்டார்கள்.

நம் கதையில் மனைவி இப்படிச் சொல்லியிருக்கலாம்: "என்னங்க, இதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்குது. இப்பப் பேசினா கன்னாபின்னான்னு பேசிடுவேன். பத்து மணிக்கு உக்காந்து பேசலாம்." இதைச் சொல்ல அதிக அமைதி தேவையில்லை. நடுங்கும் குரலிலேயே சொல்லலாம்.

அந்த அரை மணி நேரத்தில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது. அவர் இப்படிச் சொன்னால் நான் அப்படிக் கேட்பேன் என்று உள்ளே வசனம் ஓடினால் உடம்பு தணியவே தணியாது. திட்டியவரை நினைத்துப் பையைக் குத்திய மாணவரைப் போல் ஆகிவிடுவோம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ போன் செய்வதும் ஒத்திகைதான். போதாததற்கு அவர்கள் கோபமும் சேர்ந்துகொள்ளும், நீங்கள் சமாதானமான பிறகும் அவர்கள் கோபம் ஆறாது. பைக்கை எடுத்துக்கொண்டு வேகமாகப் போகாதீர்கள். குடிக்காதீர்கள்.

மெல்ல மூச்சு விடுங்கள். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் செய்தாலே மாற்றம் தெரியும். பிறகு துணி மடிக்கலாம், கீரை ஆயலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், மொட்டை மாடியில் மெதுவாக நடக்கலாம். கையை ஈடுபடுத்தும் சின்ன வேலை எதுவானாலும் சரி. தணிந்த பிறகு உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? பயமா, அவமானமா, களைப்பா, ஏமாற்றமா? அதற்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்தச் சண்டையையும் தூங்கப் போகும் முன் தீர்த்துவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரவு பதினொன்றரைக்கு, காலை ஐந்தரைக்கு எழ வேண்டிய இரண்டு பேர் எதையும் தீர்க்க முடியாது. "நாளைக்குச் சாயங்காலம் புள்ளை டியூஷன் போனதும் பேசலாம். இப்பத் தூங்கும்மா" என்று நேரத்தையும் சொல்லி, ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் படுங்கள்.

பேசாமை

ஒத்திவைப்பதோடு தொடர்பே இல்லாத, ஆனால் பார்க்க அதுபோலவே இருக்கும் ஒன்று நம் வீடுகளில் உண்டு. பேச்சை நிறுத்திவிடுவது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது, கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பது, சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது, சாப்பிடாமல் படுத்துக்கொள்வது. நாள்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி வருடக்கணக்கில் பேசாமல் இருப்பதையும் பார்க்கிறோம்.

ஒத்திவைப்பில் நேரம் சொல்லப்படுகிறது, பேசாமையில் சொல்லப்படுவதில்லை. எப்போது முடியும், எதைச் செய்தால் முடியும் என்று எதிராளிக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் தண்டனை. கத்துவதைவிட இது நாகரிகமானது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கத்துகிறவர் என்ன வேண்டும் என்றாவது சொல்லிவிடுகிறார்.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பேசாமல் போகிறவர்கள் எல்லோரும் தண்டிப்பதற்காகப் போவதில்லை. வார்த்தை கைவிட்டுப் போனதால் வாயடைத்துப் போகிறவர்கள் உண்டு; காட்மனின் ஆய்வுகளில் சுவராகிப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்கள் வெளியே கல்லாக இருந்தபோது உள்ளே இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவருக்கு "அரை மணி நேரம் கொடு" என்ற வாக்கியம் பெரிய உதவி. அதைச் சொல்லிவிட்டால் அவர் ஓடி ஒளிவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை.

சண்டையே வராத வீட்டை நாம் இலக்காக வைக்கவில்லை. நம் இலக்கியம் ஊடலைக் குற்றமாகப் பார்க்கவில்லை. மருதத் திணைக்கு உரிப்பொருளே ஊடல்தான். திருக்குறளில் கோபம் கொள்ளாமையைச் சொல்லும் வெகுளாமை அதிகாரம் துறவறவியலில் வருகிறது. நூலின் கடைசி மூன்று அதிகாரங்களோ ஊடலைப் பற்றியவை: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. ஆனால் சங்க மரபில் ஊடலைத் தீர்க்க வாயில்கள் உண்டு: தோழி, பாணன், பாங்கன், விருந்தினர் என்று யாராவது இடையில் நின்று தணித்துவைப்பார்கள். தனிக்குடித்தனத்தில் அப்படி யாரும் இல்லை. அதனால் அந்த வேலை பிள்ளைகள் தலையில் விழுகிறது. "அப்பாகிட்ட சாப்பாடு ஆயிடுச்சுன்னு சொல்லு." "எனக்குப் பசிக்கலன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு." அப்பா நாற்காலியிலும் அம்மா அடுக்களையிலும் இருக்க, நடுவில் எட்டு வயதுக் குழந்தை தூது போகிறது. இதை இன்றோடு நிறுத்துங்கள். வேறு எதையும் உடனே மாற்ற முடியாவிட்டாலும் இதை மாற்ற முடியும்.

பத்து மணிக்கு உட்கார்ந்ததும்

முதல் மூன்று நிமிடம் கவனமாக இருக்க வேண்டிய நேரம். புதிதாகத் திருமணமான 124 தம்பதிகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த சிபில் கரேரும் காட்மனும் 1999-ல் சொன்னது இது: வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடத்தைப் பார்த்தே, எந்தத் தம்பதிகள் பின்னால் பிரியக்கூடும் என்பதைப் பெருமளவு ஊகிக்க முடிந்தது. கடுமையாகத் தொடங்கியது கடுமையாகவே போயிற்று.

"எப்பவுமே", "ஒரு நாளாவது", "உங்க வீட்டுல", "உன் வளர்ப்பு அப்படி". இந்த நான்கும் இல்லாமல் தொடங்குங்கள். "எப்பவுமே" என்று சொன்னதும் எதிராளி, அப்படி இல்லாத ஒரு நாளைத் தேடக் கிளம்பிவிடுவார். பேச்சு அந்த நாளைப் பற்றியதாக மாறிவிடும். எல்லாவற்றிலும் கொடியது இளக்காரம்: உதட்டைச் சுழிப்பது, கண்ணை உருட்டுவது, பேசியதைப் பழித்துக் காட்டுவது, "உனக்கென்ன தெரியும்" என்பது. உறவை அரிப்பதில் கோபத்தைவிட இளக்காரமே பொல்லாதது என்கிறார் காட்மன். நானும் அதை முழுதாக நம்புகிறேன். கோபத்தில் சொன்னதை மன்னித்துவிடுகிறோம், இளக்காரமாகச் சொன்னது இருபது வருடம் கழித்தும் நினைவிருக்கிறது.

நடந்ததைச் சொல்லுங்கள், அது உங்களுக்குள் என்ன செய்தது என்று சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். மனைவி:

"இன்னிக்கு அம்பதாயிரம் போயிருக்கு. எனக்கு மெசேஜ் பார்த்துத்தான் தெரிஞ்சது. அடுத்த வாரம் ஃபீஸ் கட்டணுமேன்னு பயந்துட்டேன். என்கிட்ட சொல்லலையேன்னு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. ஃபீஸுக்கு என்ன பண்ணலாம்னு இப்பச் சொல்லுங்க. இனிமே பெரிய தொகைன்னா அனுப்பறதுக்கு முன்னாடி சொல்லுங்க."

தம்பி இதில் வரவில்லை. தம்பிக்குக் கொடுத்தது தப்பு என்று அவர் சொல்லவும் இல்லை. கணவருக்குத் தற்காத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

இனி கணவரின் முறை. நாம் இங்கேதான் அதிகம் தவறுகிறோம். கேட்டு முடிப்பதற்குள் "சரி சரி, இப்ப என்ன பண்ணணும்ங்கற?" என்று விடைக்குத் தாவுவது கேட்பதில் சேராது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஃபீஸை நினைச்சுப் பயந்துட்ட. நான் சொல்லாம அனுப்பினது உனக்கு வலிச்சிருக்கு. சரியா?" என்று கேட்டுவிட்டு, அவர் ஆமாம் என்று சொல்லும்வரை தன் காரணத்தைத் தொடக் கூடாது. அதன் பிறகு: "சொல்லாதது தப்புதான். அவன் போன்ல அழுதுட்டான். உன்கிட்ட சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு தயங்கிட்டேன்."

மன்னிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்: செய்ததைச் சொல்லி, தப்பு என்பது. "உனக்குக் கஷ்டமா இருந்தா சாரி" என்பதில் செய்தவர் இல்லை, வருந்தியவர் மேல்தான் பழி. மன்னிப்போடு "ஆனா" சேர்ந்தால் அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் அழிந்துவிடும்.

இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வரலாம். 5,000 ரூபாய்க்கு மேல் யாருக்குக் கொடுப்பதானாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது. சொல்வது அனுமதி கேட்பதற்காக இல்லை, தெரிவிப்பதற்காக. கட்டணத்துக்குச் சீட்டுப் பணத்தை எடுப்பது. தம்பி மறுபடி கேட்பார், அது நிச்சயம். தம்பதிகள் சண்டையிடும் விஷயங்களில் 69 சதவீதம் தீர்வில்லாமல் தொடர்பவை என்பது காட்மனின் கணக்கு. ஒருவர் கூடப்பிறந்தவர்களுக்குச் செய்தே தீருவார், மற்றவர் சேமிப்பை நினைத்தே கவலைப்படுவார். அதைத் தீர்க்கப் பார்க்காமல், அதோடு எப்படி வாழ்வது என்று பேசினால் போதும்.

சண்டை ஓய்ந்த பிறகு செய்ய ஒரு பயிற்சி இருக்கிறது. எலி ஃபிங்கெல் குழுவினர் 2013-ல் வெளியிட்டது. 120 தம்பதிகள் பங்கேற்றார்கள். அண்மையில் வந்த சண்டையை, இருவருக்கும் நல்லதையே நினைக்கும் மூன்றாம் மனிதர் ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்று 7 நிமிடம் எழுதுவது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்தில் மொத்தம் 21 நிமிடம். எழுதியவர்களுக்கு அந்த வருடம் திருமண உறவின் தரம் மேலும் சரியாமல் நின்றது. எழுதாதவர்களுக்குச் சரிந்துகொண்டே போயிற்று. ஒரு பழைய நாட்குறிப்பும் பேனாவும் போதும்.

மற்ற உறவுகளில்

பெரியவர்களிடம் பேச்சின் நடுவே எழுந்துபோவது மரியாதைக் குறைவாகப் படும். ஆகவே காரணத்தைப் பணிவாகச் சொல்லிவிட்டு நகர வேண்டும். "அப்பா, நீங்க சொல்றதை நான் யோசிக்கணும். சாப்பிட்டுட்டு வந்து உங்ககிட்ட உக்காந்து பேசறேன்பா." மாமியாரிடம், "அத்தை, இந்த அடுப்பு வேலையை முடிச்சிட்டு வந்துடறேன், நிதானமாப் பேசலாம்." சொன்னபடி திரும்பி வர வேண்டும் என்பது இங்கும் மாறாது.

வாட்ஸ்அப்பில் சண்டை போடாதீர்கள். குரல் அதில் கேட்காது, முகம் தெரியாது, எழுதியது அழியாது. கோபத்தில் தட்டச்சு செய்ததை அனுப்பாமல் வைத்திருந்து மறுநாள் படியுங்கள். குடும்பக் குழுவில் ஒருவரைக் குத்திப் பேசுவது, எல்லோர் முன்னாலும் வைத்து ஏசுவதற்குச் சமம்.

இதையெல்லாம் செய்தும் எரிச்சல் குறையவில்லை என்றால் உடம்பைச் சோதித்துப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் எரிச்சல் வரும். தூக்கமின்மை, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள், மனச்சோர்வு, குடி ஆகியவையும் கோபமாக வெளிப்படும். குறிப்பாக ஆண்களின் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் சிடுசிடுப்பாக வருவதுண்டு. மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416; கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இந்த அத்தியாயம் யாருக்குப் பொருந்தாது

அடிப்பவரோடு வாழ்கிறவர்களுக்கு இதில் சொன்ன எதுவும் பொருந்தாது. கை ஓங்குவது, பொருளை விட்டெறிந்து மிரட்டுவது, பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, தினமும் கேவலமாகத் திட்டுவது, பெற்றவர்களோடு பேசவிடாமல் தடுப்பது ஆகியவற்றைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வன்முறை. நீங்கள் இன்னும் மென்மையாகப் பேசினால் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அடி உதையோடு சொல்லால், மனதால், பணத்தால் இழைக்கப்படும் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. பெண்கள் உதவி எண் 181-ஐ எந்நேரமும் அழைக்கலாம். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை, ஜீவனாம்சம், பாதுகாப்பு ஆணை ஆகியவற்றை நீதிமன்றத்தில் கேட்க அவர் உதவுவார்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த அத்தியாயத்தைத் தனியாகப் படித்து வைத்துக்கொண்டு, அடுத்த சண்டையில் "நீ பண்றது இளக்காரம், புத்தகத்துல போட்டிருக்கு" என்று எடுத்துக் காட்டாதீர்கள். சண்டை இல்லாத ஒரு நாளில் இருவரும் சேர்ந்து படியுங்கள். எந்தச் சொல்லைச் சொன்னால் நிறுத்துவது, எத்தனை நிமிடம், எங்கே உட்கார்ந்து பேசுவது என்ற மூன்றையும் அன்றைக்கே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.